உலகக் கோப்பை கால்பந்து ஸ்டேடியம்: எல்லா இருக்கைக்கும் பந்து தெரியும்படி கேலரி வரைவது எப்படி?

கூரையையும் முகப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவாக வேண்டியது, முன்வரிசையில் உட்காருபவரின் கண் எங்கே இருக்கும் என்பது. கேலரியின் மொத்த வடிவமும் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் பிறக்கிறது.

ஆடுகளம் 105 x 68 மீட்டர். சாயங்கால வெயில் கோல்கீப்பர் கண்ணில் அடிக்காமலிருக்க நீளவாட்டை வடக்கு தெற்காக வையுங்கள். ஃபிஃபா கேட்கும் இருக்கைகள்: குழு ஆட்டங்களுக்கு 40,000, அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதிப்போட்டிக்கும் 80,000.

அடுத்து பார்வைக்கோடு. பின்னால் இருப்பவரின் கண்ணிலிருந்து பக்கக்கோட்டுக்குப் போகும் கோடு, முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே கடக்கிறதோ அதுதான் ‘சி’ மதிப்பு. 120 மி.மீ. அருமை, 90 நல்லது, 60-க்குக் கீழே போகவே கூடாது.

முன்வரிசைக் கண் பக்கக்கோட்டிலிருந்து 8 மீ. தள்ளி, 2 மீ. உயரத்தில் இருக்கிறது, வரிசை அகலம் 0.8 மீ. என்று வைத்துக்கொள்வோம். கண் உயரத்தோடு சி மதிப்பைக் கூட்டுங்கள் (90 மி.மீ. எடுத்தால் 2.09). பின்வரிசையின் தொலைவால் பெருக்கி (8.8), முன்வரிசையின் தொலைவால் வகுத்து (8), பழைய கண் உயரத்தைக் கழியுங்கள். விடை 0.299 மீ.; இரண்டாம் வரிசை அவ்வளவு உயர வேண்டும். மூன்றாவதற்கு 307 மி.மீ., நான்காவதற்கு 315. படி உயரம் கூடிக்கொண்டே போவதால்தான் கேலரி வளைந்து ஏறுகிறது.

வரிசைக்கு ஒரு ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்தெடுக்கும் கான்கிரீட்) அச்சு செய்தால் செலவு தாங்காது. நான்கைந்து வரிசைகளுக்கு ஒரே உயரம் கொடுங்கள். ஆனால் அந்தத் தொகுதியில் கடைசி வரிசைக்குத் தேவையான உயரத்தை எடுங்கள். முதல் வரிசையின் உயரத்தை எடுத்தால் பின்வரிசைகளுக்குத் தலைகள்தான் தெரியும்.

விளம்பரப் பலகையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பக்கக்கோட்டிலிருந்து 4 மீ. தள்ளி 0.9 மீ. உயரப் பலகை நிற்கட்டும். நமது முன்வரிசைப் பார்வைக்கோடு அந்த இடத்தில் 1 மீ. உயரத்தில் போகிறது; தப்பித்தோம். கண்ணை 1.7 மீட்டருக்கு இறக்கினால் கோட்டை ஒட்டிய அரை மீட்டர் புல் மறைந்துவிடும். த்ரோ-இன் எடுப்பவரின் கால் அங்கேதான் இருக்கும்.

முன்வரிசையைக் களத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் மேல்வரிசை செங்குத்தாகும். சரிவை 34 பாகைக்குள் நிறுத்துங்கள், 0.8 மீ. அகலத்தில் படி 540 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆடுகளத்தின் தூர மூலை எந்த இருக்கையிலிருந்தும் 190 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து அரங்கை மாற்றும்போது மூலைகள்தான் தலைவலி. அந்தக் களத்தின் அகலம் 48.8 மீ. மட்டுமே, 68 மீட்டரை விரித்தால் மூலை இருக்கைகளில் முட்டும். 2026 போட்டிக்காகச் சில அரங்குகளில் இருக்கைகளையே பெயர்க்க வேண்டியிருந்தது. களத்தை உயர்த்தி இடம் தேடினால், எவ்வளவு உயர்த்தினீர்களோ அவ்வளவு கண் உயரம் குறையும். சி மதிப்பை எல்லா வரிசைக்கும் மறுபடி போடுங்கள்.

கடைசியாக வெளியேறும் வழி. இரண்டு பக்கமும் நடைபாதை இருந்தால் வரிசைக்கு 28 இருக்கை, ஒரு பக்கம் மட்டுமென்றால் 14. படிக்கட்டில் மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 66 பேர் இறங்குவார்கள். 8 நிமிடத்தில் 1.2 மீ. படிக்கட்டு 633 பேரைத்தான் விடும். கேலரியை அந்த அளவுக்குத் தொகுதிகளாகப் பிரித்த பிறகே வாசல்களைக் குறியுங்கள்.