கிரேக்கச் சிலையில் 1.618 தேடாதீர்கள்

கிரேக்கச் சிலைகளின் உடல் அளவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ‘தங்க விகிதம்’ (ஒரு நீளம் இன்னொன்றைப் போல 1.618 மடங்கு இருப்பதே அழகு என்ற பேச்சு) என்று 1.618-ஐக் கொண்டுவந்துவிடுவார். சிலையின் புகைப்படத்தின் மேல் கோடும் சுருளும் போட்ட படமும் கூடவே வரும். முதலில் கைவிட வேண்டியது இதைத்தான். அந்தச் சிற்பிகள் இந்த விகிதத்தை வைத்து வேலை செய்ததாகச் சொல்லும் பழைய நூல் எதுவும் கிடையாது. மனித உடலோடு இதை முடிச்சுப் போட்டுப் பிரபலமாக்கியவர் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் அடால்ஃப் சைசிங். அளவுக் கோட்டைத் தொப்புளில் தொடங்குவதா, இடுப்பெலும்பில் தொடங்குவதா என்பது நம் இஷ்டம் என்றால், வேண்டிய எண் வராமல் எங்கே போகும்?

சரி, அவர்களிடம் கணக்கே இல்லையா? இருந்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஆர்கோஸ் நகரத்துச் சிற்பி பாலிக்ளீட்டஸ் ‘கானன்’ (அளவு விதி) என்று ஒரு நூலே எழுதினார். நூல் தொலைந்துவிட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து மருத்துவர் கேலன் அதன் சாரத்தைச் சொல்கிறார்: விரலுக்கு விரல், விரல்களெல்லாம் சேர்ந்து உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும், அவை முன்கைக்கு, முன்கை மேற்கைக்கு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துவதே அழகு. இதில் ஓர் எண்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘உடல் என்பது ஏழு தலை உயரம் (தலையைப் போல ஏழு மடங்கு), இது பாலிக்ளீட்டஸ் விதி’ என்று எழுதுகிறவர்கள், அவருடைய சிலைகளின் பிற்காலப் பிரதிகளை அளந்து கிடைத்ததை அவர் வாயில் போடுகிறார்கள். எட்டுத் தலைக் கணக்கை எழுதி வைத்தவரோ ரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ்.

அதோடு, ‘கிரேக்க அளவு’ என்று ஒரே ஒரு அளவும் இருந்ததில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சிற்பி லிசிப்பஸ் தலையைச் சிறிதாக்கி உடலை ஒல்லியாக்கினார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார்.

அப்புறம், அளக்கிற பொருள் எது என்று பாருங்கள். பாலிக்ளீட்டஸின் ஈட்டி வீரன் சிலை வெண்கலத்தில் வார்த்தது. அது இன்று இல்லை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்பது பொம்பெயில் கிடைத்த ரோமானியப் பளிங்குப் பிரதி. வலது காலை ஒட்டிய மரக்கட்டை வடிவம் பளிங்கின் எடையைத் தாங்கப் பிரதி எடுத்தவர் சேர்த்தது. அதையும் சிற்பியின் கற்பனை என்று வியக்க வேண்டாம். உடல் எடை முழுதும் வலது காலில்; இடது குதிகால் தூக்கியிருக்கிறது; இடுப்பு ஒரு பக்கம் ஏற, தோள் எதிர்ப்பக்கம் சாய்கிறது. தலையும் லேசாகத் திரும்பியிருக்கிறது. இப்படி நிற்கும் உடலை நேர்ப் புகைப்படத்தில் அளவுகோல் வைத்து அளந்தால், மடங்கிய கால் குட்டையாகவும் திரும்பிய முகம் குறுகலாகவும்தான் தெரியும். வரைந்து பழகுகிறவர்கள் முன், பின், இரு பக்கம் என்று நான்கு கோணப் படங்களையாவது வைத்துக்கொள்ளுங்கள்.