திண்ணையை அடைக்காமல் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முறை

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் பழைய வீடு வாங்குகிறவர்களும், பாகப்பிரிவினையில் கிடைத்த பூர்விக வீட்டை விடுதியாக்க நினைக்கிறவர்களும் முதலில் கொத்தனாரைத்தான் அழைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு வாரம், காலையிலும் மாலையிலும், வீட்டு முகப்பில் யார் உட்காருகிறார்கள், யார் மழைக்கு ஒதுங்குகிறார்கள், யார் பூக்கூடையை இறக்கி வைக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தூண்களின் மேல் தெருவை நோக்கிச் சரியும் தாழ்வாரமும், அதை ஒட்டிய திண்ணையும் வழிப்போக்கரையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றை அடைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும், அந்த வீடு தெருவைவிட்டு விலகிவிடுகிறது.

அடுத்து வைசியாள் வீதியை ஒருமுறை நடந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்ட உதவியுடன் அங்குள்ள வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்ற அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. முகப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது, உங்கள் வீட்டில் எது பிறகு ஒட்டவைத்தது, எது முதலிலிருந்தே இருந்தது என்று பிரித்தறியக் கண் பழகும்.

சுவரில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் சுவர், தரையிலிருந்து ஏறும் ஓதத்தைப் பூச்சின் வழியே வெளியேற்றிவிடும்; அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியின்றி உள்ளேயே தங்கும். எங்கள் குடும்ப வீட்டில் ஓர் ஒப்பந்தக்காரர் அப்படிப் பூசிக் கொடுத்தார். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பளவு உயரம் வரை பூச்சு பாளம் பாளமாக உப்பி நின்றது. தட்டிப் பெயர்த்தபோது, பின்னாலிருந்த செங்கல் உப்புப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. ஆகவே மரக்கட்டையால் சுவரெங்கும் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் சிமென்ட் பூச்சை மட்டும் பக்குவமாகப் பெயர்த்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிடுங்கள். பிறகு சுட்ட சுண்ணாம்பை நீற்றி, இரண்டு மூன்று வாரமாவது ஊறவைத்து, மணலுடன் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தை மெல்லிய படலங்களாகப் பூசச் சொல்லுங்கள். இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்படுத்தினால் பூச்சு வெடித்துவிடும். மேலே அடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் வகை பெயின்ட் வேண்டாம்.

மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளமானால், ஐப்பசிக்கு முன் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, தட்டோடுகளின் இடைவெளிகளை அடையுங்கள். சுவருக்குள் நுழையும் உத்திர முனைகளைக் கம்பியால் குத்திச் சோதியுங்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரையோர ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது.

தெரு உயர்வதையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத்தார் போட்டால், திண்ணைப் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்து, கடைசியில் மழைநீர் வாசலுக்குள் வந்துவிடும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு நகராட்சியிடம் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். வேலை தொடங்கியபின் கேட்டுப் பயனில்லை.

வாடகை விஷயத்தில் மனச்சாட்சியோடு முடிவெடுக்க வேண்டும். முன்னறையில் தையல்காரரோ இஸ்திரிக்காரரோ இருந்தால், விடுதி அறைகளை உள்முற்றத்தைச் சுற்றி அமைத்து, முன்னறையை அவருக்கே விட முடியுமா என்று வரைபடம் போடும்போதே கேளுங்கள். வரைபடம் முடிந்தபின் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது. வேலை நடக்கும் மாதங்களில் அவர் எங்கே பிழைப்பு நடத்துவார் என்பதையும், திரும்பி வந்தபின் வாடகை எவ்வளவு என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புக்காகக் கம்பிக்கதவு போட்டே ஆக வேண்டுமென்றால், அதைத் தாழ்வாரத் தூண்களுக்கு நடுவே பொருத்தாமல், திண்ணைக்கு உட்புறம், தலைவாசலை ஒட்டிப் பொருத்துங்கள்.