'கேளிர்' என்ற ஒரு சொல்லைப் பாட்டு வழியாகக் கற்பது எப்படி?

அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்த சொல் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. அதையே ஒரு பாட்டுக்குள் சந்தித்தால் முகம் தெரிந்த ஆளாகிவிடுகிறது. 'கேளிர்' என்ற சொல்லை வைத்துச் செய்துபார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: தெரிந்த வரியில் தொடங்குங்கள்

'யாதும் ஊரே யாவரும் கேளிர்.' கணியன் பூங்குன்றனார் பாடியது. புறநானூற்றில் 192ஆம் பாட்டு. உரையைப் பார்க்காமல், 'கேளிர்' என்பதற்கு உங்களுக்குத் தோன்றும் பொருளை எழுதுங்கள். 'எல்லோரும் கேளுங்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'கேளீர்' என்று நீட்டிப் படிப்பதால் வரும் பிழை இது. எழுத்தை உற்றுப் பாருங்கள்: 'ளி' குறில்தான். ஆனாலும் எழுதியதை இப்போதே அடித்துவிட வேண்டாம்.

படி 2: அதே சொல்லை வேறொரு பாட்டில் தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுங்கள்.

'யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்'

என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் கேளிர் என்று தலைவன் கேட்கிறான். இங்கே 'கேளுங்கள்' என்று வைத்துப் பாருங்கள், வரி உடைந்துபோகும். 'உறவினர்' என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்போது புறநானூற்று வரிக்குத் திரும்புங்கள். எல்லா ஊரும் நம் ஊர். எல்லோரும் நம் உறவினர். முதலில் எழுதியதை இப்போது அடித்துவிடலாம். பொருளை யாரும் சொல்லித் தரவில்லை, நீங்களே கண்டுபிடித்தீர்கள். அதனால்தான் இந்த முறையை நான் இவ்வளவு நம்புகிறேன்.

படி 3: வேரைப் பிடியுங்கள்

'கேள்' என்றால் உறவு, நட்பு. ஆள் என்பது ஆண்மை ஆவதுபோல, கேள் என்பது கேண்மை ஆகிறது. நற்றிணையின் முதல் பாட்டில் கபிலர் 'புரையோர் கேண்மை' என்கிறார். தாமரையின் தாதை ஊதிய வண்டு, உயர்ந்த சந்தன மரத்தில் சேர்த்துவைத்த தேன் போன்றதாம் அந்த உயர்ந்தவர் உறவு. இந்தத் தேனை ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டால் 'கேண்மை' மறக்காது.

படி 4: குறளில் சோதித்துப் பாருங்கள்

'கேளிழுக்கம் கேளாக் கெழுதகைமை' என்று தொடங்குகிறது 808ஆம் குறள். இதில் எந்தக் 'கேள்' நட்பு, எந்தக் 'கேள்' செவியால் கேட்பது? முதலாவது நண்பர், அடுத்தது காது. நண்பர் செய்த தவறைப் பிறர் சொன்னாலும் காதில் வாங்காத உரிமை என்று பொருள்.

படி 5: நீங்களே ஒரு வரி எழுதுங்கள்

'பத்து ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டார்தான் எங்களுக்குக் கேளிர்' என்பதுபோல, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்று. எழுதி முடித்ததும் குறுந்தொகைப் பாட்டின் முதல் அடிக்குத் திரும்புங்கள். 'யாய்' என் தாய், 'ஞாய்' உன் தாய். அடுத்த சொல் அங்கேயே காத்திருக்கிறது.