உப்புக் கையும் பாரிசவாதமும்: தீவகச் சமையலறையில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர இன்னொரு மணித்தியாலம் வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முதல் ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று பார்க்கவும் வேண்டும். நள்ளிரவு, கடலும் அடிக்கிறது என்றால் கணக்கு எப்படிப் போகும் என்று தீவாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் எங்கள் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். பாரிசவாதத்துக்கு முதற் காரணம் பிறஷர். அதைக் கூட்டுவதில் உப்புக்குப் பெரிய பங்கு.

“நான் சோற்றுக்கு உப்புப் போடுவதே இல்லை” என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் உப்பு வேறு வழியால் வருகிறது. நன்றாக உப்பிட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே உப்பு இருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. ஐம்பது கிராம் கருவாட்டுத் துண்டு ஒன்றிலேயே அந்த அளவு முடிந்துவிடும். அதற்கு மேல் குழம்புக்கு ஒரு பிடி, சொதிக்கு ஒரு கிள்ளு, பக்கத்தில் மோர்மிளகாய், ஊறுகாய். காலையில் சாப்பிட்ட பாணிலும் உப்பு இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 400 கிராம் உப்புப் பைக்கற்றை உடைக்கும் நாளன்று அதன்மேல் பேனையால் திகதியை எழுதி வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம்படி அது இருபது நாள் வர வேண்டும். கருவாடு, பாண், மிக்சர் எல்லாவற்றிலும் வருகிற உப்பையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேலே வர வேண்டும். பத்து நாளில் முடிந்தால் யாரையும் குறை சொல்ல வேண்டாம், கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்த உப்புக் கை சும்மா வந்ததில்லை. ஐஸ் இல்லாத காலத்தில் மிஞ்சிய மீனைக் காக்க உப்பும் வெயிலும்தான் இருந்தன. நாள் முழுக்க வள்ளத்தில் நின்று வேர்வை சிந்திய உடம்புக்கு அந்த உப்புப் பாரமாகவும் தெரிந்திருக்காது. இப்போது வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, வள்ளத்துக்கு இயந்திரம் இருக்கிறது. கை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

கருவாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே மனம் வராது. கத்தரிக்காயோடு போட்ட கருவாட்டுக் குழம்பின் ருசி வேறு எதிலும் இல்லை. பிழை என்னவென்றால், குழாயடியில் ஒரு அலசு அலசிவிட்டுச் சட்டியில் போடுவது. என் பெரியம்மா துண்டுகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, அரை மணித்தியாலம் கழித்து அந்தத் தண்ணீரை ஊற்றி, திரும்பவும் புதுத் தண்ணீர் விடுவா. முதல் தண்ணீரை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தால் கடல்தண்ணிதான். மூன்றாவது தண்ணீரில் அந்தக் கரிப்பு பெருமளவு போய்விடும். பிறகு குழம்புக்குத் தனியாக உப்பே போட மாட்டா. புளியும் மிளகும் உள்ளியும் கொஞ்சம் கூடினால் உப்பை யாரும் தேடுவதில்லை.

“கடல் உப்பு, கல்லுப்பு கெடுதல் செய்யாது” என்பது இன்னொரு பிழை. நிறமும் கட்டியும் வேறாக இருக்கலாம், உள்ளே இருப்பது அதே சோடியம் குளோரைட்தான். இந்துப்பும் அப்படியே. பொட்டாசியம் கலந்த உப்பு மட்டும் வேறு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்து வருடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட உப்புக்கு மாறியவர்களிடம் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. சில பிறஷர் மாத்திரைகளோடும் ஒத்துவராது. வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அப்புறம் மீன். “நாங்கள் தினமும் மீன் சாப்பிடுகிறோம், எங்களுக்கு என்ன வரப்போகிறது?” குழம்பாகவோ அவியலாகவோ சாப்பிட்டால் நல்லதுதான். நேற்றுப் பொரித்த எண்ணெயிலேயே இன்றும் பொரித்தால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும்.

மரக்கறியை வெள்ளிக்கிழமைச் சாப்பாடாக மட்டும் வைத்திருப்பதும் பிழை. உப்பின் வேலையை எதிர்த்து நிற்பது பொட்டாசியம், அது இலையிலும் காயிலும் பழத்திலும் நிறைய இருக்கிறது. வேலியில் முருங்கை நிற்கிறது, கிணற்றடியில் பொன்னாங்கண்ணி முளைக்கிறது. மீன் வாங்கிய நாளிலும் பக்கத்தில் ஒரு வறை இருக்கட்டும்.

மாத்திரை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உப்பைக் குறைத்ததும் பிறஷர் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உள்ளியும் வெந்தயமும் அதற்கு ஈடாகாது. தலைச்சுற்று இல்லை என்பதால் பிறஷர் இல்லை என்றும் நினைக்க வேண்டாம், அது பெரும்பாலும் சத்தமில்லாமலே இருக்கும். 140/90 அல்லது அதற்கு மேல் என்று திரும்பத் திரும்பக் காட்டினால் கட்டாயம் வைத்தியரைப் பாருங்கள்.

கடைசியாக, என்னை அதிகம் பயப்படுத்தும் பிழை. ஒருவருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் எங்கள் வீடுகளில் முதலில் செய்வது என்ன? சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பது. வேண்டாம். பாரிசவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், குடிப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொல்லும் வரை அஸ்பிரினும் கூடாது. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தரைவழி உள்ள இடமென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். படகு தேவைப்படும் தீவென்றால் விடியும் வரை காத்திருக்காமல் பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், படகு ஒழுங்கை அவர்களோடு சேர்ந்து அப்போதே தொடங்குங்கள். அவர் கடைசியாக நல்லபடி இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.