கடன் நோட்டு ஆப்: கடைக்காரரிடம் நேர்காணல் எடுப்பது எப்படி?

மளிகைக் கடையின் கடன் நோட்டுக்குப் பதிலாக ஓர் ஆப் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. நேர்காணலுக்குப் பிறகு எந்த முடிவை எடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'கடைக்காரர்களைப் புரிந்துகொள்ள' என்று எழுதினால் கேள்விகள் நாலாபக்கமும் சிதறும். 'பாக்கியை நினைவூட்டும் குறுஞ்செய்தி வசதியை முதலில் செய்யலாமா?' என்பது சரியான வரி.

2. 6 முதல் 8 பேரைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்ன '5 பேர் போதும்' கணக்கு, திரையைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லும் சோதனைக்கானது. அதை இங்கே கொண்டுவராதீர்கள். உறவினர், நண்பர் வேண்டாம். இப்படி ஓர் ஆப்பைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள் 2 பேராவது அவசியம்.

3. பெரும்பாலோர் சறுக்குவது கேள்வியில்தான். 'இப்படி ஓர் ஆப் வந்தா வச்சுக்குவீங்களா அண்ணாச்சி?' என்றால், 'நல்லதுதானே தம்பி' என்பார். வந்தவர் முகம் வாடக் கூடாது என்று சொல்வது அது. அதை நம்பி ஆறு மாத வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். நடந்ததையே கேளுங்கள்: 'கடைசியா யாருக்காவது கடன் கொடுத்தது எப்போ? உடனே எழுதினீங்களா? எழுத விட்டுப்போனப்ப என்ன செஞ்சீங்க?' 45 நிமிடத்துக்கு இப்படி 6 முக்கியக் கேள்விகள் தாராளம். முன்னதாக ஒருவரிடம் ஒத்திகை பாருங்கள்.

4. வியாபாரம் மந்தமான நேரத்தை அவரிடமே கேட்டு, இருவராகப் போங்கள்: ஒருவர் கேட்க, ஒருவர் குறிப்பெடுக்க. அனுமதி வாங்கியபின் பதிவு செய்யுங்கள். 10 விநாடி பதிந்து கேட்டுப் பாருங்கள், மின்விசிறி இரைச்சல் குரலை விழுங்கிவிடும். பதில் முடிந்ததும் 5 விநாடி பேசாமல் இருங்கள். முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும். நடுவில் வாடிக்கையாளர் வந்தால் ஒதுங்கி நின்று கவனியுங்கள்: நோட்டை எங்கிருந்து எடுக்கிறார், பேரை எழுதுகிறாரா, அடையாளம் மட்டும் போடுகிறாரா? நோட்டைப் படம் எடுக்காதீர்கள், அதில் ஊரார் கடன் இருக்கிறது. கட்டம் போட்ட விதத்தை மட்டும் வரைந்துகொள்ளுங்கள்.

5. வெளியே வந்த 15 நிமிடத்துக்குள் அவர் சொன்னது, நீங்கள் பார்த்தது, உங்கள் ஊகம் என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் ஊகமும் அவர் சொன்னதாகவே நினைவில் நிற்கும். ஒரு நாளுக்கு 3 கடைக்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு பேரிடம் புதிதாக எதுவும் வராவிட்டால் நிறுத்தலாம். வந்தால் இன்னும் இருவரைப் பாருங்கள்.