'போல்' வந்தால் உவமையா?

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு எல்லா அணிக்கும் இலக்கணம் மனப்பாடம். ஆனால் பாட்டைக் கொடுத்தால் 'போல்' என்ற சொல் தென்பட்டதும் உவமை அணி என்று எழுதிவிடுவாள்.

சிலப்பதிகாரத்தை எடுத்தேன். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோவடிகள். அணியின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டேன். உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? காற்றில் கொடி ஆடுகிறது. கவிஞர் என்ன சொல்கிறார்? 'வராதீர்கள்' என்று அது தடுக்கிறதாம். ஏன் அப்படிச் சொன்னார்? கோவலன் அங்கே கொல்லப்படப் போகிறான். அது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சட்டென்று நிமிர்ந்து, "அப்போ தற்குறிப்பேற்றம்!" என்றாள். இயல்பான அசைவின்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றியிருக்கிறார். அதே காதையில் (காப்பியத்தின் உட்பகுதியில்) வையை ஆறு தன் கண்ணீரை மறைத்துப் பூவாடை போர்த்து ஓடுவதை அப்புறம் அவளே விளக்கினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாத்திரப் படைப்புக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். 'கற்புக்கரசி, வீரமங்கை' என்று அடைமொழிகளை அடுக்குவதை நிறுத்தச் சொன்னேன். கண்ணகி வாய்திறக்கும் இடங்களை மட்டும் பார். கணவனைத் திரும்பப் பெறக் குளங்களில் நீராடிக் காமவேளைத் தொழலாம் என்று தோழி தேவந்தி சொன்னபோது 'பீடன்று' (அது பெருமையன்று) என்று ஒற்றைச் சொல்லில் மறுத்தவள், பாண்டியன் அவையில் 'தேரா மன்னா' (ஆராயாத மன்னனே) என்று தொடங்குகிறாள். பாண்டியனுக்கும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற வரி போதும். விடையில் முதலில் மேற்கோள், பிறகு பண்பு என்று இப்போது எழுதுகிறாள்.