சிங்கப்பூர் வந்த மதுரைக்காரருக்கு: வரவு செலவை எங்கே எழுதுவது?

மதுரைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருபவருக்கு, முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். இங்கே வாடகை, சாப்பாடு, பயண அட்டை. அங்கே மேலூரிலோ திருமங்கலத்திலோ நகைக்கடன் வட்டி, தங்கையின் கல்லூரிக் கட்டணம், ஆவணி பிறந்தால் வரிசையாக வரும் கல்யாணங்கள். கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டுமே பார்க்கின்றன. 2020-இல் சிங்கப்பூர் அரசு கொண்டுவந்த எஸ்ஜிஃபின்டெக்ஸ், சிங்பாஸ் என்ற அரசின் இணைய அடையாளக் கணக்கு வழியாக உங்கள் இங்குள்ள கணக்குகளை ஒரே இடத்தில் காட்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஊரில் வைத்த அடகு அதற்குத் தெரியாது.

ஆகவே அழகான வட்டப்படங்கள் காட்டும் செயலிகளைத் தேடி அலைய வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய விரிதாள் போதும். காசு இல்லை, தமிழில் எழுதலாம், ஊரில் ஒருவருடன் பகிர்ந்துகொள்ளலாம். அப்பாவுக்குக் கைபேசி பழக்கமில்லை என்றால் தம்பியிடம் கொடுங்கள். அனுப்பிய பணம் எங்கே போனது என்று மாதக் கடைசியில் தொலைபேசியில் விசாரிப்பதைவிட, ஊரில் இருப்பவரே அன்றன்றைக்கு எழுதிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. தேதி, எதற்கு, டாலர், ரூபாய், யார் கொடுத்தது: இந்த ஐந்து கட்டங்களுக்கு மேல் போட்டால் இரண்டாவது வாரமே எழுத அலுப்பாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அன்றைய மாற்று விகிதத்தைத் தானே எடுத்துவரும் வசதி ஷீட்ஸில் உண்டு. அதை அப்படியே கட்டத்தில் விட்டால், விகிதம் மாறும்போதெல்லாம் சித்திரையில் அனுப்பிய தொகையும் மாறிக்கொண்டே இருக்கும். பணம் அனுப்பிய நாளின் விகிதத்தை எண்ணாகவே எழுதிவிடுங்கள். அதையும் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். வீட்டுக் கணக்கில் வந்து சேர்ந்த ரூபாயை, கட்டணமும் சேர்த்து இங்கிருந்து போன மொத்த டாலரால் வகுத்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைத்த விகிதம். ‘கட்டணமே இல்லை’ என்பவர்கள் விகிதத்தில் எடுத்துக்கொள்வதுண்டு. நான்கு மாதம் எழுதியதைப் பார்த்தாலே யாரிடம் அனுப்புவது லாபம் என்று தெரிந்துவிடும்.

அன்றாடச் செலவை டாலரிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு தோசையையும் ரூபாயாக்கிப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

புதிதாக வருபவர்கள் தவறவிடுவது வரியை. இங்கே பொதுவாக வருமான வரியை மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. அடுத்த ஆண்டில் மொத்தமாகக் கேட்பார்கள். இணையவழிக் கணக்குத் தாக்கலுக்கு ஏப்ரல் 18 கடைசி நாள். வரிக்கணக்கில் குடியிருப்பாளராகக் கொள்ளப்படுபவருக்கு ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 டாலருக்கு வரி இல்லை. அதைத் தாண்டிச் சம்பாதிப்பவர் ‘வரிக்கு’ என்று மாதந்தோறும் ஒரு தொகையை எழுதி ஒதுக்க வேண்டும். வாடகை முன்பணத்தைச் செலவில் எழுதாதீர்கள். அது திரும்பி வர வேண்டிய பணம். சம்பளச் சீட்டில் பிடித்தங்களைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2016 முதல் சட்டம்; அந்தச் சீட்டைப் படம் எடுத்து ஷீட்ஸில் அந்த மாதக் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

ஊரில் இருந்தபோது வைத்திருந்த சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். இங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. ஊர் வீட்டு வாடகை முன்னதில், உங்கள் சம்பளம் பின்னதில் என்று வைத்தால் வங்கி அறிக்கையே பாதிக் கணக்கைப் பிரித்துக் கொடுத்துவிடும். வட்டி விஷயத்திலும் வேறுபாடு உண்டு: என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். எந்தச் செயலியாவது இணைய வங்கியின் கடவுச்சொல்லைக் கேட்டால் அப்போதே அழித்துவிடுங்கள்.

இனி மொய். இதற்கு எந்த வெளிநாட்டுச் செயலியிலும் இடம் கிடையாது. செலவில் எழுதினால் தவறு, கடனில் எழுதினாலும் பொருந்தாது. நம் வீட்டுக் காதுகுத்துக்கு ஐந்தாயிரம் செய்தவருக்கு, அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் செய்தாக வேண்டும்; வட்டி கிடையாது, தவணை கிடையாது, ஆனால் மறந்தால் பேச்சு வரும். உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதும் மேசைக்கே கணினி வந்து, ரசீதும் அச்சாகி வருகிறது. உங்கள் வீட்டில் இன்னும் நோட்டுதான் என்றால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஷீட்ஸில் தனித் தாளில் ஏற்றுங்கள்: பெயர், ஊர், என்ன விசேஷம், வந்தது, செய்தது. தாய்மாமன் சீரைத் தனியாக வையுங்கள். அது பவுனில் வரும், ரூபாயில் எழுதினால் பத்து வருடம் கழித்து ஒன்றும் புரியாது.

விடுப்பில் ஊருக்குப் போகும்முன் அந்தத் தாளை ஊர்வாரியாக வடிகட்டிப் பார்க்கலாம். செல்லம்பட்டியில் மூன்று வீடு பாக்கி இருந்தால், ஒரே நாளில் பஸ் ஏறிப் போய் முடித்துவிட்டு வரலாம்.